வானொலிப் பாடத்தில் பிள்ளைகளின் கவனம் ஏன் கலைகிறது?

கேள்வி: வெள்ளவத்தைப் பகுதியில் உள்ள தமிழ் மொழிமூலப் பாடசாலை ஒன்றில் தரம் 3 கற்பிக்கிறேன். வகுப்பில் 36 பிள்ளைகள். பழைய மாணவர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த வானொலிப் பெட்டியில் வாரத்துக்கு இரண்டு முறை கல்வி நிகழ்ச்சிகளைக் கேட்கச் செய்கிறேன். முதல் வாரம் ஆவலோடு கேட்ட பிள்ளைகள் இப்போது ஐந்து நிமிடத்திலேயே தங்களுக்குள் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். பின்வரிசைக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதால், பெரிய ஒலிபெருக்கி ஒன்று வாங்கித் தருமாறு அதிபரிடம் கேட்கலாமா? நேரடி ஒலிபரப்பைவிட ஒலிப்பதிவு செய்து போடுவது நல்லதா?

பதில்: ஒலிபெருக்கிக்காக அதிபரிடம் இப்போதைக்குப் போக வேண்டாம். சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவருமாக இருக்கும் நமது வகுப்பறைகளில் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடுகிறது. அத்துடன் இடுப்புயரத் தட்டிக்கு அப்பால் இருக்கும் அடுத்த வகுப்பு ஆசிரியையின் பொறுமையும் குறைகிறது. அமெரிக்காவில் வகுப்பறை ஒலிக்கு வகுத்திருக்கும் நியமம், வெறுமையான அறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்கு மேற்படக் கூடாது என்றும், சாதாரண அளவுள்ள அறையில் எதிரொலி 0.6 செக்கனுக்குள் அடங்க வேண்டும் என்றும் சொல்கிறது. காலி வீதியின் பஸ் இரைச்சலும் கடலோர ரயிலும் யன்னல் வழியே நுழையும் ஓர் அறையில் இது நடக்கிற காரியம் அல்ல. ஆகவே இரைச்சலோடு போட்டியிடுவதை விட்டு, பெட்டியைப் பிள்ளைகளுக்கு அருகில் கொண்டுபோவதே வழி. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அறைக்குள் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாவிட்டாலும், முன்னால் ஆசிரியர் மேசையில் இருக்கும் பெட்டியைப் பக்கச் சுவரின் நடுப்பகுதிக்கு மாற்றி, பிள்ளைகளை அதைச் சுற்றிப் பாயில் அரைவட்டமாக உட்காரவைத்தால் கடைசிப் பிள்ளைக்கும் பெட்டிக்கும் இடையிலான தூரம் பாதியாகக் குறைந்துவிடும். பெட்டி பிள்ளைகளின் காது மட்டத்தில் இருக்கட்டும். மூலையில் வைக்க வேண்டாம். மூலை கனத்த ஒலியை மேலும் கனக்கச் செய்யும். பெட்டியில் ‘பேஸ்’ குமிழ் இருந்தால் அதைக் குறைத்துவிடுங்கள்.

ஒலிதான் உண்மையில் குறையா என்பதை முதலில் சோதித்துப் பார்க்கலாம். பல்லி, பள்ளி, மனம், மணம், புலி, புளி போன்ற பத்துச் சொற்களை வரிசை கலைத்து உங்கள் குரலிலேயே கைத்தொலைபேசியில் பதிந்து, அதே பெட்டியின் வழியாக ஒலிக்கச் செய்து, பின்வரிசைப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். மறுநாள் அதே சொற்களை அவர்கள் அருகில் நின்று நேரில் சொல்லி எழுதச் செய்யுங்கள். நேரில் சரியாக எழுதிய பிள்ளை பெட்டியின் வழியே கேட்கும்போது லகரத்தையும் ளகரத்தையும் குழப்பினால் குறை ஒலியில் இருக்கிறது. இரண்டு நாளும் ஒரே மாதிரி எழுதினால், ஒலிபெருக்கிக்குச் செலவிடும் பணம் வீண். குறை வேறிடத்தில் இருக்கிறது.

அது பெரும்பாலும் அந்த வேறிடத்தில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. எட்டு வயதுப் பிள்ளை வாயையும் கையையும் கட்டிக்கொண்டு இருபது நிமிடம் காதை மட்டும் திறந்துவைத்திருக்காது. பிரித்தானியாவில் பிபிசி 1924இல் பாடசாலை ஒலிபரப்பைத் தொடங்கியபோது அது பெரும்பாலும் அறிஞர் ஒருவரின் உரையாகவே இருந்தது, அந்த வழக்கம் இன்றும் பல நிகழ்ச்சிகளில் தங்கியிருக்கிறது. 1970களின் நடுப்பகுதியில் நிக்கராகுவாவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய வானொலிக் கணிதத் திட்டமே இதைத் தலைகீழாக மாற்றியது. வானொலி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு மௌனமாகும். பிள்ளைகள் உரக்கப் பதில் சொல்வார்கள் அல்லது தாளில் எழுதுவார்கள். அதன்பின் வானொலி சரியான விடையைச் சொல்லும். 1980களின் தொடக்கத்தில் கென்யாவில் ஆரம்ப வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கவும் இதே முறை பயன்பட்டது. பிள்ளையைக் கற்கச் செய்தது வானொலியின் குரலைவிட அந்தக் குரல் விட்டுக்கொடுத்த இடைவெளிதான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கலையகத்தில் இருந்து பாடசாலை நிகழ்ச்சிக்குப் பிரதி எழுதிய காலத்தில், ஒரு நிமிடத்துக்குள் மூன்று கேள்விகளை அடுக்கிவிட்டு மிகவும் கலகலப்பாக எழுதியதாக நினைத்துக்கொண்டேன். பின்னர் ஒரு வகுப்பறையில் பிள்ளைகளோடு இருந்து அதே நிகழ்ச்சியைக் கேட்டபோது, முதல் கேள்விக்கு விரலை மடித்து எண்ணத் தொடங்கிய சிறுமி ஒருத்தி, எண்ணி முடிப்பதற்குள் மூன்றாவது கேள்வியும் போய்விட்டதைக் கண்டு விரல்களை மெதுவாக விரித்துவிட்டாள். அதன்பின் அவள் பெட்டியின் பக்கம் திரும்பவே இல்லை.

உங்கள் நிகழ்ச்சியில் இப்படியான இடைவெளி இல்லையென்றால் அதை நீங்களே உண்டாக்க வேண்டியிருக்கும். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் ஒலிப்பதிவுதான். நேரடி ஒலிபரப்பு நேரசூசிக்காகக் காத்திருக்காது, ரயில் போகும்போதும் நிற்காது, பதிவை நிறுத்தலாம். ஓர் உதாரணம் பாருங்கள். வெள்ளவத்தையில் இருந்து புறப்படும் 100ஆம் இலக்க பஸ்ஸில் 24 பேர் இருக்கிறார்கள். பம்பலப்பிட்டியில் 9 பேர் இறங்க 6 பேர் ஏறுகிறார்கள். கொள்ளுப்பிட்டியில் 8 பேர் இறங்க 12 பேர் ஏறுகிறார்கள். நிகழ்ச்சி இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு “இப்போது பஸ்ஸில் எத்தனை பேர்?” என்று கேட்டால், கணக்கில் கெட்டிக்காரரான நான்கு பேர் கத்துவார்கள், மற்றவர்கள் வாயசைப்பார்கள். பம்பலப்பிட்டியில் பதிவை நிறுத்துங்கள். ஒவ்வொரு பிள்ளையும் துண்டுத் தாளில் எண்ணை எழுதி, நீங்கள் சொன்னதும் உயர்த்திக் காட்டட்டும். 21 என்று எழுதாத தாள்கள் எத்தனை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அதன்பிறகே பஸ் கொள்ளுப்பிட்டிக்குப் போகலாம். 25 என்ற விடையை வானொலிக் குரல் சொல்லட்டும்; தங்கள் விடையை வானொலியே ஒப்புக்கொள்வதில் பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சி.

நிறுத்திய பின் எவ்வளவு நேரம் காத்திருப்பது? கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பொதுவாக ஒரு செக்கனுக்கு மேல் காத்திருப்பதில்லை என்றும், அதை மூன்று செக்கனாக நீட்டினாலே பிள்ளைகளின் பதில்கள் நீளமாகவும் சிந்தனையுடனும் அமைகின்றன என்றும் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் காட்டினார். மனக்கணக்குக்கு இன்னும் கூடுதலாக விடுங்கள். ஆனால் 12 நிமிடப் பதிவை நான்கைந்து இடங்களுக்கு மேல் நிறுத்த வேண்டாம். கதை அறுந்துவிட்டால் அது வானொலிப் பாடமாக இருக்காது.

பாடத்துக்கு முன் மூன்று நிமிடம் ஒதுக்கி, நிகழ்ச்சியில் வரப்போகும் கடினமான நான்கு சொற்களைப் பலகையில் எழுதி வாசிக்கச் செய்யுங்கள். வீட்டில் ஒரு தமிழும் விளையாடும் இடத்தில் சிங்களமும் கேட்டு வளரும் கொழும்புப் பிள்ளைகளுக்கு அறிவிப்பாளரின் செந்தமிழ் சற்று அந்நியமாகத்தான் இருக்கும். இந்தப் பாடத்தை இடைவேளைக்கு முன் வைத்துக்கொள்வது நல்லது.

பதிவு செய்வதில் சிறிய தொழில்நுட்ப விடயங்கள் இரண்டு உண்டு. கைத்தொலைபேசியின் எஃப்எம் வானொலி பெரும்பாலும் இயர்போன் வயரையே அன்டெனாவாகப் பயன்படுத்துகிறது, வயரைக் கழற்றினால் இரைச்சல்தான் மிஞ்சும். பெட்டியில் கேட்டுப் பதிவதானால் அதை யன்னலோரம் வைத்து, அன்டெனாவை சுமார் 75 சென்டிமீற்றருக்கு நீட்டுங்கள். 100 மெகாஹேர்ட்ஸில் ஒலிபரப்பாகும் எஃப்எம் அலையின் நீளத்தில் கால்பங்கு அது. சட்டத்தைப் பொறுத்தவரை, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கற்பித்தலுக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடமளிக்கிறது. எனினும் பதிவை வகுப்பறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டாம்.

நிகழ்ச்சி ஒலிக்கும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை எழுதவில்லை. கொப்பி திருத்திக்கொண்டிருந்தீர்கள் என்றால் பிள்ளைகள் பேசத் தொடங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆசிரியையே கேட்காத ஒன்றைத் தாங்கள் ஏன் கேட்க வேண்டும் என்று அவர்கள் நினைப்பார்கள். பெட்டியின் அருகே, பிள்ளைகளின் முகம் தெரியும்படி, நிறுத்தும் பொத்தானில் கை வைத்துக்கொண்டு நில்லுங்கள். அதிபரிடம் கேட்பதானால் பாய்கள், ஒரு பென்டிரைவ், தட்டிக்கு அப்பால் உள்ள வகுப்பு வெளியே விளையாடும் பாடவேளையில் உங்கள் வானொலிப் பாடம் அமையும்படி நேரசூசியில் ஒரு சிறு மாற்றம் ஆகியவற்றைக் கேளுங்கள்.