அந்த ஏழு வருஷம்

கேள்வி: இங்கிலாந்தின் பில் எட்ரிச் 39 டெஸ்டில் அடித்தது ஆறே சதம். சராசரி 40. 1947-இல் ரன் குவித்ததும் எதிர்முனையில் இன்னொரு இங்கிலாந்து பேட்ஸ்மேன் டெனிஸ் காம்ப்டன் நின்ற தைரியத்தில்தான். இவருக்குப் போன இதழில் இரண்டு பக்கமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கணக்கு சரி. ஆனால் அவருடைய டெஸ்ட் பட்டியலில் 1939 மார்ச்சுக்கும் 1946 ஆகஸ்டுக்கும் நடுவே ஒரு டெஸ்ட்கூட இல்லையே, கண்ணில் படவில்லையா? தொடர்ந்து சொதப்பிக்கொண்டிருந்தவர், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 219 அடித்து அப்போதுதான் தலைநிமிர்ந்திருந்தார். உடனே உலகப்போர். அடுத்த டெஸ்டில், ஓவல் மைதானத்தில் நம் அணிக்கு எதிராக, ஆடும்போது வயது 30. ஒரு பேட்ஸ்மேன் நன்றாக ஆடவேண்டிய காலமெல்லாம் போயிருந்தது.

அந்த வருஷங்களில் அவர் ஓட்டியது பிளென்ஹீம் குண்டுவீச்சு விமானம். உள்ளே மூன்று பேர். எதிரிக் கப்பலைத் தாக்க அலையை உரசுகிற மாதிரித் தாழப் பறக்கவேண்டும். கப்பலின் பீரங்கிகள் நேருக்கு நேர் சுடும். 1941 ஆகஸ்ட் 12, பட்டப்பகலில் ஜெர்மனியின் கொலோன் அருகே இருந்த மின்நிலையங்களைத் தாக்க 54 பிளென்ஹீம்கள் போயின. பத்துக்கு மேற்பட்ட விமானங்கள் திரும்பவில்லை. திரும்பியவர்களில் எட்ரிச் ஒருவர். டி.எஃப்.சி. வீரப் பதக்கம் பெற்றதும் அந்த வருஷம்தான்.

நார்ஃபோக்கின் மாசிங்ஹாம் விமானத்தளத்தில் இருந்தபோது, காலையில் குண்டு வீசப் போய்விட்டு வந்து மதியம் கிராமத்து மைதானத்தில் கிரிக்கெட் ஆடியதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். வெயில், புல்வாசனை, 'ஹவ்சாட்' என்ற கூச்சல். நடுநடுவே, கூடப் பறந்த விமானம் கடலில் புரண்டு விழுந்தது கண்முன் வந்து நிற்குமாம். இதை எந்தச் சராசரியில் சேர்ப்பது?

காம்ப்டனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1947 சீசனின் முதல்தர ஆட்டங்களில் காம்ப்டன் 3,816 ரன், எட்ரிச் 3,539. 1906-இல் டாம் ஹேவர்ட் ஒரே சீசனில் அடித்த 3,518-ஐத் தாண்டியவர்கள் இவர்கள் இருவர்தான். ஓசியில் வருகிற ரன்னா அது?

முடிந்தால் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான 1946 பிரிஸ்பேன் டெஸ்டின் ஸ்கோரைப் பாருங்கள். மழையில் கெட்ட ஆடுகளம், பந்து எகிறியும் தாழ்ந்தும் வருகிறது. பந்து போடுகிறவர்களில் ஒருவர் கீத் மில்லர். அவரும் போர் விமானம் ஓட்டியவர். எட்ரிச் உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நின்றார். பார்த்தவர்கள் பின்னாளிலும் பேசிய அந்த இன்னிங்ஸில் அவர் எடுத்தது 16 ரன். நீங்கள் சொன்ன சராசரியை அது கீழேதான் இழுத்திருக்கும்.