கொலுசு வேண்டாம் என்கிற பேத்தி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேற்கு மாம்பலத்தில் இருக்கிறேன். காலையில் நடேசன் பூங்காவில் எங்கள் கூட்டம் ஒன்று நடக்கும், பாதி நடை பாதி பேச்சு. போன வாரம் அங்கே பெரிய வாக்குவாதம். ஆண், பெண் என்கிற உணர்வெல்லாம் ஹார்மோன் செய்வது, கருவிலேயே முடிந்துபோன விஷயம் என்றார் ஒருவர். இன்னொருவர், எல்லாம் வளர்ப்புதான், திருநங்கைகள் பெருகியதற்குச் செல்போன்தான் காரணம் என்றார். எனக்கு இரண்டுமே முழுதாக ஒப்பவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கூடவே ஒன்று. என் பேத்திக்கு ஐந்து வயது. கொலுசு போட்டால் கழற்றி எறிகிறாள். பையன்களோடுதான் விளையாட்டு. அண்ணன் மாதிரி முடி வெட்டச் சொல்லி அழுகிறாள். பையன்களோடு விடாமல் இருந்தால் சரியாகிவிடும் என்கிறாள் என் மனைவி. பெயர் போட வேண்டாம்.

— ஒரு வாசகர்

ஐயா, வணக்கம்.

நீங்கள் அனுப்பிய கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் பூங்கா வாக்குவாதம் ஒன்றரைப் பக்கம், பேத்தி நாலு வரி. எனக்கென்னவோ அந்த நாலு வரிக்காகத்தான் கடிதமே எழுதினீர்கள் என்று படுகிறது. இருந்தாலும் பூங்காவிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு போட்டோ உண்டு. ஆண்பிள்ளையான நான் ஒன்றரை வயதில், முதல் மொட்டைக்கு முன்னால் எடுத்தது. பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி, கண்ணில் மை. இருக்கிற கொஞ்ச முடியோடு சவுரி சேர்த்துப் பின்னி மல்லிகை தைத்திருக்கிறார்கள். ஜடை தெரிய வேண்டுமே, அதற்காக ஸ்டூடியோக்காரர் பின்னால் ஒரு ஆளுயரக் கண்ணாடியை நிறுத்தியிருக்கிறார். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடைக்கும். வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டி அம்மா சிரிப்பார்.

என் தாத்தா குடுமியும் கடுக்கனுமாக இருந்தவர். அதே கோலத்தில் என் அப்பா அலுவலகம் போயிருந்தால் கேலிதான். இன்று கடுக்கன் மறுபடி பையன்கள் காதுக்கு வந்துவிட்டது. ரங்கநாதன் தெருவில் பிறந்த குழந்தைக்குச் சட்டை கேட்டால் "பையனா பொண்ணா?" என்பதுதான் முதல் கேள்வி. பதில் வந்த பிறகுதான் நீலப் பெட்டியோ ரோஸ் பெட்டியோ இறங்கும். அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன்னால் துணி வியாபாரிகளின் பத்திரிகை ஒன்று, ரோஸ் பையன்களுக்கு, நீலம் பெண்களுக்கு என்று எழுதியிருக்கிறது. ஆக, எது ஆண் கோலம், எது பெண் கோலம் என்பது ஊர் முடிவு செய்வது. வளர்ப்புக் கட்சிக்காரர் இதோடு நிறுத்தியிருந்தால் நானும் கை தட்டியிருப்பேன்.

ஆனால் கோலம் ஒன்று, தன்னை யாராக உணர்கிறோம் என்பது வேறு. அதையும் ஊரே எழுதிவிடலாம் என்று நம்பிய ஒருவர் இருந்தார். 1965இல் கனடாவின் வின்னிபெக் நகரில் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. எட்டு மாதத்தில் முன்தோல் அறுவையின்போது மின்கருவி பிசகி ஒரு குழந்தையின் உறுப்பு கருகிவிட்டது. பெற்றோர் அமெரிக்காவில் ஜான் மணி என்ற உளவியலாளரிடம் போனார்கள். பெண்ணாக வளர்த்துவிடுங்கள், பெண்ணாகிவிடும் என்றார் அவர். பெயரை மாற்றினார்கள், இன்னொரு அறுவை செய்தார்கள், கவுன், பொம்மை, பிற்பாடு பெண் ஹார்மோன். சோதனை வெற்றி என்று மணி அறிவிக்க, விஷயம் பாடநூலிலும் ஏறிவிட்டது. குழந்தையோ கவுனைப் பிடித்து இழுத்துக் கிழிக்கப் பார்த்தது. 14 வயதில் அப்பா உண்மையைச் சொன்னதும் டேவிட் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆணாக வாழத் தொடங்கினார். நடந்ததை மில்டன் டயமண்ட் என்ற ஆய்வாளர் 1997இல்தான் வெளியே கொண்டுவந்தார். 2004இல், 38 வயதில், டேவிட் ரைமர் தற்கொலை செய்துகொண்டார்.

ஹார்மோன் கட்சிக்காரர் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். ஆனால் டயமண்ட் எழுதியதற்கு அடுத்த வருஷமே, 1998இல், கனடாவிலிருந்து இன்னொரு குழந்தையைப் பற்றிய கட்டுரை வந்தது. அதே மாதிரி விபத்து, ஏழு மாதத்திலிருந்து பெண்ணாக வளர்ப்பு. அவர் 26 வயதிலும் தன்னைப் பெண்ணாகவே உணர்ந்தார். இதை ஏனோ யாரும் மேடையில் சொல்வதில்லை.

அப்புறம், 'உடல்' என்று ஒருமையில் சொல்கிறோமே, அதுவே ஒரே பேச்சு பேசுவதில்லை. சிலருக்குக் குரோமோசோம் எக்ஸ்-ஒய், பொதுவாக ஆண்களுக்கு இருப்பது. ஆண் ஹார்மோனும் சுரக்கும், ஆனால் அது சொல்வது உடம்பின் காதில் விழாது. பெண்ணுடலோடு பிறந்து, பெரும்பாலும் பெண்ணாகவே வாழ்கிறார்கள். நேர் மாறாக, டொமினிக்கன் குடியரசின் சில கிராமங்களில் பெண் குழந்தை என்று வளர்க்கப்பட்ட சிலருக்குப் பருவ வயதில் ஆணுடல் திரண்டது. 1970களில் ஆராய்ந்தபோது, பெண்ணாக வளர்ந்த 18 பேரில் 17 பேர் தங்களை ஆணாக உணரத் தொடங்கியிருந்தார்கள். அந்த ஊரில் அதற்கென்று ஒரு பேச்சு வழக்குச் சொல்லே இருந்தது, பழகிப்போன விஷயம். நம் பக்கத்தில் நடந்ததோ வேறு. புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து போய், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார் சாந்தி சௌந்தரராஜன். பிறந்ததிலிருந்து பெண்ணாகவே வாழ்ந்தவர். ஆணா பெண்ணா என்று ஒரு பரிசோதனை செய்து பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஒரே கருவில் பிரிந்த இரட்டையரைப் பார்த்தால் கணக்கு இன்னும் சிக்கல். ஒருவராவது தன்னைப் பிறந்த பாலாக உணராத 23 ஜோடிகளை 2012இல் தொகுத்துப் பார்த்தார்கள். 9 ஜோடிகளில் இருவருமே அப்படி, 14இல் ஒருவர் மட்டும். தனித்தனிக் கருவில் உருவான, ஒரே பாலான இரட்டையர் 21 ஜோடிகளில் இருவரும் அப்படி என்பது ஒன்றுகூட இல்லை. சின்னக் கணக்குதான், ரொம்பவும் நம்ப வேண்டாம். பிறப்பில் ஏதோ இருக்கிறது, அது மட்டுமே எழுதிவிடுவதில்லை என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் தமிழாசிரியர், உங்களுக்கே தெரியும். 'பால்' என்றால் பகுப்பு, 'பால்' என்றால் ஊழும்தான், அதாவது விதி. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயலில் பால்வரை தெய்வம் என்று வருவது இந்த இரண்டாவது பால். உங்கள் நண்பர்கள் ஒரே சொல்லின் ஆளுக்கொரு பொருளைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறார்கள். அதே இயலில், ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயருக்குத் தனி ஈறு, அதாவது சொல்லின் கடைசியில் வரும் விகுதி, இல்லை, உயர்திணைப் பால்களுக்குரிய ஈற்றைப் பெறும் என்று நூற்பா இருக்கிறது. செல்போன்காரரிடம் கொஞ்சம் காட்டுங்கள்.

என்னோடு பள்ளியில் படித்த ஒருவர் இப்போது திருநங்கை. அவர் வீட்டிலும் அதே போட்டோ உண்டு, அதே ஆளுயரக் கண்ணாடி. எங்கள் பக்கத்தில் இருந்தது ஒரே ஸ்டூடியோதான். "அன்னைக்கு ஆசைக்குப் பாவாடை கட்டிவிட்டேனே, அதனாலதான்" என்று அவர் அம்மா அந்தப் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு அழுததைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் அதே பாவாடைதான் என்று சொல்ல அன்று எனக்குத் தோன்றவில்லை.

யார் காரணம் என்று தேடுவதில் எனக்கு ஆர்வம் குறைந்ததற்கு அந்த அம்மாவும் ஒரு காரணம். 'பிறப்பு' என்று பதில் வந்தால் பரிதாபப்படுகிறோம், 'வளர்ப்பு' என்று வந்தால் திருத்தக் கிளம்பிவிடுகிறோம். ஜான் மணி செய்ததும் திருத்தல்தான். நம் ஊரில் இதில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. ஆணா பெண்ணா என்று வெளிப்பார்வைக்குத் தெளிவாகாத உறுப்போடு பிறக்கும் குழந்தைகளை, உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய, வெட்டிச் 'சரிசெய்ய'க் கூடாது என்று 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அதே ஆண்டு தமிழக அரசும் ஆணை போட்டது. பெரியவர்களின் அவசரத்துக்குப் போட்ட பூட்டு என்றுதான் அதைப் பார்க்கிறேன்.

சரி, பேத்திக்கு வருவோம். அட்ரினல் சுரப்பிக் கோளாறால் கருவிலேயே ஆண் ஹார்மோன் அதிகம் பட்ட பெண் குழந்தைகள் உண்டு. மற்றப் பெண் குழந்தைகளைவிட அவர்கள் காரையும் லாரியையும் அதிகம் தேடுவார்கள் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அவர்களிலும் பெரும்பாலோர் தங்களைப் பெண்ணாகவே உணர்ந்து வளர்கிறார்கள். விளையாட்டை வைத்து ஜாதகம் கணிக்க முடியாது. ஆகவே பையன்களிடமிருந்து அவளைப் பிரிக்க வேண்டாம் என்று உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள். அக்கறையோடு வந்து அவள் இன்னார்தான் என்று இப்போதே முத்திரை குத்தப் பார்க்கிறவர்களுக்கும் அதே பதில்தான். பின்னால் அவளாக ஏதாவது சொன்னால், அப்போது உட்கார்ந்து கேளுங்கள்.

கொலுசு ஏன் வேண்டாம் என்று அவளையே கேட்டீர்களா? என் அக்கா மகளும் இப்படித்தான் மாதக்கணக்கில் அடம் பிடித்தாள். கண்ணாமூச்சியில் சத்தம் காட்டிக்கொடுத்துவிடுகிறது, அதுதான் விஷயம். முடியை வெட்டிவிடுங்கள், அக்னி நட்சத்திரம் வேறு வருகிறது.

அன்புடன்