விபத்துக்குப் பின் இரத்தப் பரிசோதனை

கேள்வி: மேலூர் அருகே விபத்தில் காயமடைந்து மதுரையில் சிகிச்சை பெறும், லாரி ஓட்டுநரான என் மகன், போலீசார் கேட்டால் இரத்தம் கொடுக்க மறுக்கலாமா?

பதில்: மறுக்க வேண்டாம், அம்மா. தக்க காரணமின்றி மறுத்தால், அதுவே அவருக்கு எதிரான சாட்சியத்துக்கு வலுச்சேர்ப்பதாகக் கொள்ள மோட்டார் வாகனச் சட்டத்தின் 205-ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால், உள்நோயாளியாக இருப்பவரிடம் மாதிரி எடுப்பது சிகிச்சையைப் பாதிக்கும் என்று மருத்துவர் ஆட்சேபித்தால், போலீசார் வற்புறுத்த முடியாது. 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருப்பது குற்றம். போதை மருந்துக்கோ அப்படி அளவு எதுவும் இல்லை, வாகனத்தைக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் ஓட்டினாரா என்பதே கேள்வி. ஆகவே, மருத்துவமனையில் கொடுத்த மருந்தை வண்டி ஓட்டும் முன்பே எடுத்ததாக யாரும் கருதாதபடி, வலிக்காகப் போட்ட ஊசிகளின் பெயரும் நேரமும் சிகிச்சைக் குறிப்பில் பதிவாகியிருப்பதை அவசியம் உறுதிசெய்யுங்கள். ஊசி குத்துமிடத்தை ஸ்பிரிட் கொண்டு துடைக்காமல், ஆல்கஹால் கலக்காத கிருமிநாசினியால் துடைக்கும்படி தயங்காமல் கேளுங்கள்.