ஜப்பானிய சிடி: புதியதா, பழையதா?

கேள்வி: டோக்கியோவில் வேலை செய்கிறேன். தட்சுரோ யமாஷிதாவின் பழைய பாடல்களும், தொண்ணூறுகளின் கடைசியில் வந்த ஷீனா ரிங்கோ, நம்பர் கேர்ள் குழுவின் ராக் இசையும் எனக்கு உயிர். சிடியாகச் சேர்க்க ஆசை. புதிய ஆல்பம் எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே விலை, 3,000 யென் அளவில் இருக்கிறது. பழையது வாங்கலாமா? கூடுதல் விலைக்கு வரும் ‘முதல் வெளியீட்டுச் சிறப்புப் பதிப்பு’ தேவையா?

பதில்: உங்கள் ரசனைக்குப் பழைய சிடிதான் சரி. புதிய சிடிக்கு வெளியீட்டு நிறுவனம் வைக்கும் விலையிலேயே கடைகள் விற்கின்றன. கடை விற்கும் விலையைத் தயாரிப்பாளர் நிர்ணயிக்கக் கூடாது என்ற பொது விதியிலிருந்து, புத்தகம், நாளிதழ் போன்றவற்றோடு இசைத்தட்டுக்கும் 1953 முதல் சட்டம் தந்திருக்கும் விலக்கு இது. ஷிபுயாவின் பெரிய கடையானாலும் கிராமத்துச் சிறு கடையானாலும் அதே விலைதான். கைமாறிய சிடியை இந்த விலை கட்டுப்படுத்தாது.

ஜப்பானில் சிடி உற்பத்தி உச்சம் தொட்டது 1998இல். மறு ஆண்டு பாடகர் உடாடா ஹிகாருவின் ‘ஃபர்ஸ்ட் லவ்’ ஆல்பம் மட்டும் 70 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த வெள்ளத்தில் வந்தவைதான் இன்று புக் ஆஃப் போன்ற பழைய பொருள் கடைகளில் சில நூறு யென்னுக்குக் குவிந்து கிடக்கின்றன. ரிங்கோவை அங்கேயே தேடுங்கள். நம்பர் கேர்ளுக்கு ஷின்ஜுகு அல்லது ஓச்சனோமிசுவில் பழைய இசைத்தட்டு விற்கும் டிஸ்க் யூனியன் கடைக்குப் போங்கள். ஸ்டுடியோ ஆல்பங்களை விட, 1999இல் ஷிபுயாவில் பதிவான அவர்களின் நேரலை ஆல்பத்தையே நான் முதலில் வாங்கச் சொல்வேன். அந்தக் கிட்டார்களின் உரசலை அதைப்போல் வேறெதுவும் பிடித்துத் தரவில்லை.

யமாஷிதாவின் கதை வேறு. அவர் தன் பாடல்களை ஸ்ட்ரீமிங் தளங்களுக்குத் தருவதில்லை. அதனால் பழைய சிடிக்கும் கிராக்கி குறைவதில்லை. மூல எல்பி இசைத்தட்டுகளுக்கு வெளிநாட்டு ரசிகர்கள் விலையேற்றிவிட்டார்கள், அவர்களோடு போட்டியிடாதீர்கள். எல்பிதான் வேண்டுமென்றால் 2023இல் வந்த மறுபதிப்பு போதும். இல்லையேல் 2002இல் ஒலி சீரமைத்து வெளியான சிடி. 1982இல் வந்த ‘ஃபார் யூ’வில் தொடங்குங்கள். முதல் பாட்டில் கிட்டார் சுண்டி எழுந்ததும் ஜுன் அஓயாமாவின் டிரம்ஸும் கோகி இத்தோவின் பேஸும் வந்து சேரும் இடம் ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும்.

சிறப்புப் பதிப்பில் நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது பெரும்பாலும் டிவிடிக்கும் படப் புத்தகத்துக்கும்தான். பாடல்களுக்காக வாங்குபவருக்குச் சாதாரணப் பதிப்பே போதும். ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் இன்னொன்று: ஜப்பானிய டிவிடியின் மண்டல எண் 2, இந்தியாவுடையது 5. எல்லா மண்டலங்களையும் ஏற்கும் பிளேயர் இல்லையென்றால் படம் ஓடாது. சிடிக்கு இந்தத் தொல்லை இல்லை.

பழையது எடுக்கும்போது 2002 முதல் 2004 வரை வந்தவற்றை உற்றுப் பாருங்கள். நகலெடுப்பதைத் தடுக்கும் ‘காப்பி கன்ட்ரோல் சிடி’ முத்திரை உறையில் இருந்தால் விட்டுவிடுங்கள். சில பிளேயர்களில் அவை ஒழுங்காக ஓடாது, கணினியிலும் தகராறு செய்யும். காசு கொடுத்து வாங்கிய ரசிகரையே திருடராக நடத்திய வேலை அது. இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. வாடகைக் கடை ஸ்டிக்கர் ஒட்டிய சிடி மலிவு. ‘ஓபி’ என்னும் காகிதப் பட்டை அதில் இருக்காது, கீறல் இருக்கலாம். தட்டை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ரிங்கோவின் முதல் சிங்கிள் (1998) 8 செ.மீ. சிடி. தட்டு வைக்கும் பிளேயரில் ஓடும். காரில் இருப்பதுபோல் பிளவுக்குள் செருகும் பிளேயரில் போட்டால் சிக்கிக்கொள்ளும்.