மேலே பூச்சு, உள்ளே துரு: வாசகர் கேள்விகள்

மழை ஓய்ந்ததும் வரும் கடிதங்களில் பாதி, சீலிங் பெயர்ந்த கதைதான். இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மிக்ஸி, வாஷிங் மெஷின்காரர்கள் அடுத்த வாரம் வரை பொறுக்கவும்.

கே: பெசன்ட் நகரில் 30 வருடப் பழைய ஃபிளாட். பால்கனிக்கு அடியில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. மேஸ்திரி, தட்டிவிட்டுப் பூச ஆறாயிரம் என்கிறார். ஒரு கம்பெனி எழுபதாயிரம் கேட்கிறது. யாரை நம்புவது?

ஆறாயிரத்தை நம்பாதீர்கள். எழுபதாயிரத்தை, கேள்வி கேட்ட பிறகு நம்புங்கள்.

கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பது சிமெண்டின் காரத்தால். நல்ல கான்கிரீட்டின் பிஹெச் 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டாகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே ஊறி அந்தக் காரத்தைக் கொல்லும். கடற்காற்றின் உப்போ அதுவரைகூடக் காத்திருக்காது, நேராகப் படலத்தைத் துளைக்கும். துருவுக்கு இரும்பைப்போல 2 முதல் 6 மடங்கு இடம் வேண்டும். உள்ளே இடம் ஏது? கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வருகிறது.

மேஸ்திரி என்ன செய்வார்? தொங்குவதைத் தட்டுவார், கம்பியின் கீழ்ப்பக்கத்தைத் தேய்ப்பார், பூசிவிடுவார். கம்பியின் முதுகு அதே உப்புக் கான்கிரீட்டில்தான் படுத்திருக்கும். போதாததற்கு, ஒரே கம்பியின் ஒரு பகுதி புதுக் கலவையிலும் மறு பகுதி உப்பேறிய பழையதிலும் இருந்தால் அது பேட்டரி மாதிரி ஆகிவிடும். ஒட்டுப் போட்ட இடம் பிழைத்துக்கொள்ள, அதன் ஓரம் முன்னைவிட வேகமாக அரிக்கும். அடுத்த வருடம் பக்கத்தில் பெயரும்.

ஒழுங்கான வேலை என்றால் முதலில் முட்டு. பிறகு கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும்படி, 20–25 மி.மீ. ஆழத்துக்குக் கொத்த வேண்டும். நீளவாக்கில், துருவில்லாத கம்பி தெரியும்வரை போக வேண்டும். அப்புறம் துருவை முழுக்க நீக்கி, மெலிந்துபோன கம்பிக்குத் துணையாகப் புதுக்கம்பி கட்டி, கம்பிக்கு ப்ரைமர் அடித்து, பாலிமர் மார்ட்டர் (பிசின் சேர்த்த சிமெண்டு மணல் கலவை) வைக்க வேண்டும். பள்ளம் ஆழமாக இருந்தால் மைக்ரோ கான்கிரீட், அதாவது பொடி ஜல்லி சேர்ந்து தானே வழிந்து நிரம்பும் கலவை. எவ்வளவு கம்பி சேர்ப்பது என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும், கொட்டேஷன் கொடுப்பவர் அல்ல.

கொட்டேஷன் என்றதும் எனக்கு வயிறு எரிகிறது. "ரிப்பேர் வேலை, லம்சம்" என்று ஒரே வரியில் எழுதிக் கீழே ஒரு தொகை. எத்தனை சதுர அடி? எத்தனை அங்குலக் கனம்? என்ன மார்ட்டர், எத்தனை மூட்டை? ஒன்றும் இருக்காது. காய்கறிக்காரரிடம் தராசு முள்ளை உற்றுப் பார்ப்பவர்கள் இதில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். ஒரு கணக்கு தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள். ரெடிமேட் ரிப்பேர் மார்ட்டர் 25 கிலோ மூட்டையில் சுமார் 12 லிட்டர் கலவை வரும். ஓர் அங்குலக் கனத்தில் அது ஏறக்குறைய 5 சதுர அடிக்குத்தான் காணும். 40 சதுர அடி வேலைக்கு எட்டு மூட்டை. வேலை முடிந்த அன்று மாடிப்படிக்கு அடியில் இரண்டு காலி மூட்டைதான் கிடக்கிறது என்றால், மீதி இடத்தில் பூசியது என்ன? கேளுங்கள். "கம்பியைச் சுத்தம் செய்த பிறகு, மூடுவதற்கு முன் உரிமையாளர் பார்த்துப் போட்டோ எடுத்தால்தான் அடுத்த தவணை" என்று ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். மறுக்கிறவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

கே: ஆன்லைனில் துரு நீக்கும் திரவம் இரண்டு பாட்டில் வாங்கிச் சீலிங் பெயின்ட் மேல் அடித்தேன். கறை மறுபடி வருகிறது. ஏன்?

பெயின்டுக்கா துருப்பிடித்தது?

கே: தூத்துக்குடியில் தனியாக இருக்கிறேன். கணவரின் பென்ஷன்தான். பீம் வெடித்திருந்ததால், கம்பி கட்டிப் பலப்படுத்துவதாகச் சொன்னவருக்கு ஒன்றேமுக்கால் லட்சம் கொடுத்தேன். ஒரே மழையில் அதே இடம் பிளந்தது. உள்ளே புதுக்கம்பியே இல்லை. இப்போது போனை எடுப்பதில்லை.

அம்மா, நீங்கள் ஏமாளி இல்லை. மூடிய பிறகு உள்ளே பார்க்க யாராலும் முடியாது, அவர் அதில்தான் பிழைக்கிறார். பிளந்த இடத்தை நீங்களாக உடைத்துப் பார்க்காதீர்கள், பீமுக்கு முட்டு மட்டும் கொடுத்து வையுங்கள். ஓர் இன்ஜினியரை அழைத்து, அவர் முன்னிலையில் திறந்து, போட்டோவோடு அறிக்கை வாங்குங்கள். பணம் போன பேங்க் பதிவு, வாட்ஸப் பேச்சு, கிறுக்கிய துண்டுச்சீட்டு எதையும் அழிக்க வேண்டாம். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதில் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கொடுத்த தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மனு எழுதக் கை நடுங்கினால் எனக்கு எழுதுங்கள், வார்த்தைகளைச் சரிபார்த்துத் தருகிறேன்.

கே: 25 வருடப் பழைய ஃபிளாட். ஒரே தடவை, இரவு 8 மணிக்குப் போய்ப் பார்த்து வாங்கினேன். இப்போது எல்லா அறையிலும் சீலிங் உப்புகிறது. விற்றவர் மேல் கேஸ் போடலாமா?

இரவு 8 மணிக்கு! கத்தரிக்காயைக்கூட நாம் வெளிச்சத்தில்தான் புரட்டிப் பார்ப்போம். தெரிந்தே மறைத்தார் என்று நிரூபிக்க வேண்டும், லேசு இல்லை.

ஆனால் நானும் யோக்கியன் இல்லை. நான் முதலில் வாங்கிய ஃபிளாட்டில் புதுப் பெயின்ட் வாசனை. பூரித்துப்போனேன். சுவரை விட்டுவிட்டுச் சீலிங்குக்கு மட்டும் ஏன் அடித்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டாவது மழைக்காலத்தில், நல்ல வேளை யாரும் உட்காரும் முன், சாம்பார் பாத்திரத்துக்குள் ஒரு கைப்பிடி கான்கிரீட். மொட்டைமாடியில் வாட்டர் ப்ரூஃப் பூச்சு அடித்தால் தீரும் என்று அதற்கும் ஒரு தொகை அழுதேன். தண்ணீர் நின்றது, ஏற்கெனவே பிடித்த துரு அப்படியே இருந்தது. அன்றிலிருந்து வீடு பார்க்கப் போனால் ஒட்டடைக் கம்போடு போகிறேன். சீலிங்கைத் தட்டினால் பொக்கென்று சத்தம் வரும் இடமும், கம்பி ஓடும் வழியே நேர்கோட்டில் விரிசலும் இருந்தால் விலை பேசவே வேண்டாம்.

கே: சாவி வாங்கி மூன்று வருடம். தூணில் விரிசலும் துருக்கறையும். பில்டர், "மெயின்டனன்ஸ்" என்கிறார்.

ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 14(3). ஒப்படைத்ததிலிருந்து 5 வருடத்துக்குள் சொல்லப்படும் கட்டமைப்புக் குறையை 30 நாளில், காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். எழுத்தில், சேர்ந்ததற்கு அத்தாட்சியோடு அனுப்புங்கள்.

கே: ராமநாதபுரம் கடலோரம் வீடு கட்டுகிறோம். "துருப்பிடிக்காத" டிஎம்டி கம்பி கூடுதல் விலை. வாங்கலாமா?

துருவைத் தள்ளிப்போடும் கம்பி உண்டு, பிடிக்கவே பிடிக்காத டிஎம்டி கிடையாது. கம்பிக்கு மேல் அடிக்கும் சிமெண்டு வகைக் காப்புப்பூச்சை நம் காரைக்குடி சிக்ரியே (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) உருவாக்கியிருக்கிறது, அதையும் விசாரியுங்கள். அதற்கு முன் போர் தண்ணீரை லேபுக்கு அனுப்புங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. கடற்காற்று படும் வெளிப்புறத்தில் கம்பிக்கு 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம், வேண்டும். சென்டரிங் பலகையில் அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டைச் செருகினால் கான்கிரீட் போட விடாதீர்கள்.

கே: துருப்பிடித்த கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் பூசலாம் என்கிறார் மேஸ்திரி. சரியா?

வெட்ட விடாதீர்கள். வெட்டிவிட்டார் என்றால் இன்றைக்கே முட்டு கொடுங்கள், அதுவரை அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.