சிறிய விமானங்கள் தரையிறங்கும்போதே ஏன் அதிகம் விபத்துக்குள்ளாகின்றன? நேரில் பார்த்திருக்கிறீர்களா?

விபத்தைப் பார்த்ததில்லை. இறங்க வந்த விமானம் இறங்காமலே திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு இடுக்கி மாவட்டம், வண்டிப்பெரியாறு. அப்பா ஜீப் ஓட்டுகிறார். சீசனில் புல்மேடு வழியாகச் சபரிமலைக்கு நடப்பவர்களைச் சத்திரம் வரை கொண்டுபோய் விடுவார். அந்தச் சத்திரத்தில் என்.சி.சி. மாணவர்களுக்காக 650 மீட்டர் ஓடுபாதை போட்டார்கள். 2022-இல் இரண்டு பேர் உட்காரும் வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 விமானம் இறங்க வந்தது. தோட்டத்து லயத்துச் சனமெல்லாம் வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். தாழ்ந்து வந்தது, வட்டமடித்தது, போயே போய்விட்டது. பக்கத்து மண்மேடு இடைஞ்சலாம். இன்னொரு முறையும் அதே கதை. "பைலட்டுக்குப் பயம்" என்று ஊரே கிண்டல். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் ஒரே திருப்பில் ஏறாத வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி ஏற்றுகிறவர் அவர்.

சரி, கேள்விக்கு வருகிறேன். செஸ்னா 172 என்ற சிறிய விமானம் இறங்க வரும் வேகம் சுமார் 65 நாட், அதாவது மணிக்கு 120 கி.மீ. பின்னாலிருந்து தள்ளும் காற்று 10 நாட் அடித்தால் தரைக்கு மேலே அதன் வேகம் 75 ஆகிவிடும். பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. 650 மீட்டரில் இது விளையாட்டில்லை.

வேகம் மிஞ்சித் தரையைத் தொட்டால் பந்து போல எழும்பும். பதறிப்போய் மூக்கை அழுத்தினால் முன்சக்கரம் முதலில் இடித்து முறியும், புரொப்பல்லர் தரையில் அடிக்கும். அடி சின்னதாகத் தெரிந்தாலும் என்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். உள்ளே கிராங்க்ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டு விரிசல் விட்டிருக்கலாம். அதனால் பந்து போல எழும்பிய உடனேயே, மூக்கை அழுத்தாமல், என்ஜினுக்கு முழு த்ரோட்டில் கொடுத்து மேலேறி, இன்னொரு வட்டம் வருவதே வழி. ஆனால் முன்னால் மேடு இருந்தால் அந்த முடிவை வெகு முன்பே எடுத்தாக வேண்டும். மேட்டைத் தாண்டி வரும் காற்று வேறு மறுபுறம் கீழே இழுக்கும்.

பெரிய ஓடுபாதை இருந்தாலும் மழை விடாது. 2023 செப்டம்பர் 14 அன்று விசாகப்பட்டினத்திலிருந்து போன தனியார் லியர்ஜெட் 45, மும்பையில் கனமழையில் ஓடுபாதையை விட்டு விலகி உடைந்தது. 8 பேரும் பிழைத்தது பெரிய விஷயம்.

சத்திரத்தில் விமானம் கடைசியில் 2022 டிசம்பர் 1 அன்று இறங்கியது. சபரிமலை சீசன் அது. அப்பா சவாரியோடு அங்கேதான் இருந்திருக்கிறார். ராத்திரி வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கு ஏறிருச்சுடா" என்றார்.