கொரோனா போன்ற பெருந்தொற்று நேரத்தில் உல்லாசப் பயணிகளுக்கு நாட்டைத் திறப்பதென்றால் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்? 2021இல் இலங்கை எங்கே இடறியது?

கட்டுநாயக்க சர்வதேச விமான நிலையம் உல்லாசப் பயணிகளுக்குத் திறந்தது 2021 ஜனவரி 21. அந்த மாதம் வந்தவர்கள் 1,682 பேர். பெப்ரவரியில் 3,366, மார்ச்சில் 4,581. ஒரு வருடத்துக்கு முன், 2020 ஜனவரியில் மட்டும் 228,434 பேர் வந்து இறங்கிய நாடு இது. திறந்தார்களா என்றால் திறந்தார்கள். ஆள் வந்ததா என்றால், நவம்பர் வரைக்கும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஏன் என்று பார்த்தால் உங்கள் கேள்வியின் இரண்டு பாதிக்கும் பதில் கிடைத்துவிடும்.

முதலில் விதி எப்படி இருந்தது என்று பாருங்கள். விமானம் ஏறுவதற்கு முந்தைய 96 மணித்தியாலத்துக்குள் எடுத்த பிசிஆர் (கொரோனா சோதனை) முடிவு கையில் வேண்டும். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை 'லெவல் வன்' சான்றிதழ் கொடுத்த ஹோட்டலில்தான் தங்க வேண்டும். முதல் 14 நாளும் 'பயோ பபிள்': அதே வான், அதே சாரதி, அதே வழிகாட்டி, அனுமதித்த இடங்களுக்கு, அனுமதித்த நேரத்தில் மட்டும். வழியில் இறங்கி ஒரு இளநீர் குடிக்க வழியில்லை. பிசிஆர் ஒன்று 40 டொலர்; வந்த முதல் நாள், பிறகு 5-7ஆம் நாளுக்குள், நீண்ட நாள் தங்கினால் 10-14க்குள் மூன்றாவது. 50,000 டொலர் வரை ஈடு தரும் கட்டாயக் காப்புறுதிக்கு ஆளுக்கு 12 டொலர். நான்கு பேர் குடும்பம் இரண்டு கிழமை நிற்க வந்தால் ரிக்கெட், ஹோட்டல் தவிர 528 டொலர் இதற்கே போய்விடும். சுற்றுலா விசாவில் வந்த புலம்பெயர் தமிழருக்கும் இதே சட்டம்தான். யாழ்ப்பாணத்தில் சொந்த வீடு பூட்டிக் கிடக்க, அவர் ஹோட்டலில் நாள் எண்ண வேண்டும்.

காசைவிடப் பெரிய சிக்கல் அந்த 14. இலங்கைக்கு வருபவர் சராசரியாகத் தங்குவது பத்துப் பதினொரு இரவுதான். அதாவது பயணம் முடிந்து ஊர் திரும்பும்வரை அவருடைய பபிள் முடியாது. அப்படியொரு விடுமுறையை யார் காசு கொடுத்து வாங்குவார்?

14 என்ற எண் காற்றில் வந்ததில்லை. ஆரம்பகால வைரஸ் தொற்றியவருக்கு அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து நாள் எடுத்தது. அறிகுறி வருபவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பன்னிரண்டாம் நாளுக்குள் வந்துவிடும். அதற்குமேல் இரண்டு நாள் பாதுகாப்புக்கு. ஆனால் பிசிஆரைச் சரியான நாளில் வைத்தால் இவ்வளவு நீட்டத் தேவையில்லை. தொற்றி நான்காம் நாளில் எடுத்தால் பிசிஆர் பத்தில் ஆறேழு பேரைத் தவறவிடும். எட்டாம் நாளில்தான் அது இரண்டு பேராகக் குறைகிறது. ஆகவே ஏறுமுன் எடுக்கும் சோதனை, கடைசி நாலைந்து நாளில் தொற்றியவரைப் பெரும்பாலும் பிடிக்காது. இறங்கியதும் எடுக்கும் சோதனையும் அதே ஆளைத்தான் தவறவிடும். அவரைப் பிடிப்பது 5-7ஆம் நாள் சோதனை. என்னைக் கேட்டால் மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் அதைத்தான் வைப்பேன். முதல் நாள் சோதனையின் பெரிய பயன் போலி ரிப்போர்ட்டோடு வருபவரைப் பிடிப்பது. அதற்கு க்யூஆர் குறியீடு வைத்த ரிப்போர்ட் மலிவு.

இனி விமான நிலையத்துக் கணக்கு. 180 பேர் வரும் ஒரு விமானம். ஆளுக்கு மூக்கில் குச்சி விட்டு, லேபிள் ஒட்டி, பாஸ்போர்ட் இலக்கத்தோடு சரிபார்க்க மூன்று நிமிடம் என்று வையுங்கள்: 540 நிமிடம். ஆறு மேசை போட்டால் ஒன்றரை மணித்தியாலம். அடுத்த விமானம் அரை மணித்தியாலத்தில் இறங்கினால், எதைத் தடுக்க இத்தனை பாடுபட்டோமோ அந்தக் கூட்டத்தை மூடிய மண்டபத்துக்குள் நாமே சேர்த்துவிடுகிறோம். அதனால் எத்தனை பேரை விடலாம் என்பதைத் தீர்மானிப்பது ஓடுபாதை இல்லை, மிக மெதுவாக நகரும் மேசை. விமானங்களின் நேரத்தை அந்த மேசைக்கு ஏற்ப விரித்துப் போட வேண்டும்.

மாதிரி எடுத்தபின் ஆய்வுகூடம். வழக்கமான பிசிஆர் தட்டில் 96 குழி. சோதனை சரியாக நடந்ததா என்று பார்க்க வைக்கும் இரண்டு கட்டுப்பாட்டு மாதிரிக்குப் போனால் 94 பேர். தட்டு நிரம்பும்வரை காத்திருப்பது ஆய்வுகூடங்களின் வழக்கம். அதனால் இரவில் இறங்கியவருக்கு மறுநாள் மதியம்தான் முடிவு. அதுவரை அறைக் கதவடியில் சாப்பாட்டுப் பொதி. 2021 செப்டம்பர் கடைசியில்தான் கட்டுநாயக்கவிலேயே மூன்று மணித்தியாலத்தில் முடிவு தரும் ஆய்வுகூடம் வந்தது. ஒக்டோபரில், தடுப்பூசி முழுமையாகப் போட்டவர்களுக்கு இறங்கியபின் பிசிஆரே வேண்டாம் என்று அறிவித்தார்கள்! கட்டும் வேலையும் விதி எழுதும் வேலையும் ஒரே மேசையில் நடக்காவிட்டால் இப்படித்தான்.

பலரும் யோசிக்காத இடம் வெளிநாட்டு விமான நிலையத்தின் செக்-இன் கவுண்டர். அங்கிருக்கும் பெண்பிள்ளைக்கு நமது வர்த்தமானி தெரியாது. அவர் பார்ப்பது, எந்த நாட்டுக்குள் நுழைய என்ன பத்திரம் வேண்டும் என்று சொல்லும் 'டைமாட்டிக்' தரவுத்தளம் ஒன்றைத்தான்; அதை நடத்துவது விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா. தகுதியில்லாத பயணியை ஏற்றினால் திருப்பிக் கூட்டிப்போகும் செலவு விமான நிறுவனத்துக்கு. சந்தேகம் வந்தால் ஏற்றவே மாட்டார்கள். நள்ளிரவில் விதியை மாற்றிக் காலையில் டைமாட்டிக்கில் ஏற்றினால், இடைப்பட்ட விமானங்களில் ஆட்கள் பெட்டியோடு நிற்பார்கள். 96 மணித்தியாலம் மாதிரி எடுத்த நேரத்திலிருந்தா, ரிப்போர்ட் வந்த நேரத்திலிருந்தா? ரொறன்ரோவிலிருந்து டோஹா வழியாக வருபவருக்கு எந்த விமானம் ஏறுவதுவரை? இதை எண்களோடு, உதாரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும்.

விமானமும் விமானியும் நினைத்தவுடன் வரமாட்டார்கள். 90 நாளுக்குள் மூன்று முறை ஏற்றி இறக்காத விமானி பயணிகளோடு பறக்க முடியாது, பயிற்சிக்கான சிமுலேட்டருக்கு வரிசை. மாதக்கணக்கில் நிறுத்திய விமானத்தில் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்க்குள் பூச்சி கூடு கட்டியிருக்கும். மூடிக் கிடந்த ஹோட்டலிலும் இதே மாதிரி ஒன்று: தேங்கிய குழாய்த் தண்ணீரில் நிமோனியா உண்டாக்கும் லீஜியனெல்லா பக்டீரியா வளரும், 25 முதல் 45 பாகை செல்சியஸ் வரை அதற்கு நல்ல காலம். விருந்தாளி முதல் ஷவர் எடுக்குமுன் எல்லாக் குழாயையும் திறந்து ஓடவிட வேண்டும்; சுடுதண்ணீர்த் தாங்கியை 60 பாகைக்கு ஏற்ற வேண்டும்.

மாலைதீவைக் காட்டிப் பலர் வாதிடுவார்கள். அவர்கள் 2020 ஜூலை 15இலேயே திறந்தார்கள். ஆரம்பத்தில் பிசிஆர்கூடக் கேட்கவில்லை, செப்டம்பரில்தான் கேட்டார்கள். 2021இல் அங்கே 1,321,937 பேர், இங்கே 194,495. ஆனால் அங்கே ஒரு தீவுக்கு ஒரு ஹோட்டல், கடலே வேலி. இங்கே வருபவர் மலைநாட்டு எல்ல ஊர் ரயிலில் தொங்குவார், கண்டிச் சந்தையில் விலை பேசுவார். அவர்களுக்குக் கடல் இலவசமாகச் செய்த வேலையை இங்கே வானும் கால அட்டவணையும் வைத்துச் செய்யப் பார்த்தோம்.

கதவு இரண்டு பக்கமும் திறக்க வேண்டும் என்பதும் மறக்கிற விஷயம். 2021 ஜூன் 8 முதல் பிரித்தானியா இலங்கையைச் சிவப்புப் பட்டியலில் போட்டது: திரும்பிப் போகிறவர் ஹோட்டலில் பத்து நாள் தனிமை, செலவு 1,750 பவுண், ஒகஸ்டில் அது 2,285 ஆனது. நாம் எவ்வளவு தளர்த்தினாலும் லண்டன்காரர் வரமாட்டார். செப்டம்பர் 22இல் பெயர் நீங்கியது, ஒக்டோபரில் பிசிஆர் தளர்ந்தது. அதன்பின் வந்தவர்கள்: ஒக்டோபர் 22,771, நவம்பர் 44,294, டிசம்பர் 89,506.

மூடும் நிபந்தனையைத் திறக்கும் நாளிலேயே எழுதி வெளியிட வேண்டும்: தீவிர சிகிச்சைக் கட்டில் எத்தனை வீதம் நிரம்பினால், சோதனையில் எத்தனை வீதம் தொற்று வந்தால் என்று. திறப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு, சோதனையில் தொற்று வருவது தொடர்ந்து 14 நாள் 5 வீதத்துக்குக் கீழ். அப்படி முன்கூட்டிச் சொல்லாமல் 2021 மே 21 முதல் 31 வரை வருகையை நிறுத்தியபோது முன்பதிவு செய்தவர்கள் அந்தரித்தார்கள். அந்த மே மாதம் வந்தது 1,497 பேர்.

நாடு பார்த்துத் தடை போடுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஒமிக்ரோன் என்ற புதிய கொரோனாத் திரிபு பற்றிய செய்தி வந்ததும் 2021 நவம்பர் கடைசியில் தென்னாபிரிக்கா உட்பட ஆறு நாடுகளைத் தடுத்தார்கள். டிசம்பர் 3இல் அறிவித்த முதல் ஒமிக்ரோன் தொற்றாளர் நைஜீரியாவிலிருந்து திரும்பிய இலங்கையர். நைஜீரியா அந்த ஆறில் இல்லை.